குருதி சிந்திய பின்னரா கொடி?

எர்பில் எங்கே, சிவகாசி எங்கே? கந்தக பூமியில் உட்கார்ந்துகொண்டு, பாரசீகத்துக்கும் அப்பால் கிடக்கிற குர்து மக்களின் தலைநகரைப் பற்றிக் கவலைப்படுவானேன்? அங்கே இந்தியாவின் துணைத் தூதரகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? திரி முறுக்குகிறவனுக்கும் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கும் அதனால் வரப்போவது என்ன? வெளிநாட்டு விவகாரத்தை நம் ஏடு எடுத்துப் பேசும்போதெல்லாம் இப்படிக் கேட்கிற அன்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. விடையளிக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பஞ்சம் என்று தலைமுறை தலைமுறையாகத் தத்தளித்த கரிசல் மண். அந்த மண்ணில் பிறந்த இருவர் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அதிலிருந்து கிளைத்தவைதான் சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும். வயல் கைவிட்டபோது தீப்பெட்டி காத்தது. தீப்பெட்டி தளர்ந்தபோது பட்டாசு காத்தது. பட்டாசும் தடுமாறினால்? பாஸ்போர்ட்! கந்தக பூமியின் இளைஞனுக்கு இன்று எஞ்சியிருக்கும் வழி அதுதான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யவேண்டும் என்று. காற்றின் தூய்மை காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் அடுத்த மாதமே ஆலைகள் பூட்டப்பட்டன; மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தன. இந்தியா வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்து தருகிற ஊரில் அடுப்பு எரியவில்லை! அடுப்பு அணைந்த வீட்டில் அண்ணன் திருப்பூருக்குப் போவான், தம்பி துபாய்க்குப் போவான். துபாயில் இடமில்லை என்றால் தரகன் காட்டுகிற நாட்டுக்குப் போவான். அந்த நாட்டின் பெயரைப் படத்தில் தேடிப் பார்த்துவிட்டா விமானம் ஏறுவான்? சம்பளம் எவ்வளவு என்று கேட்பான், கையெழுத்திடுவான், போய்விடுவான்.

ஆகவேதான் எர்பிலைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே போகிறவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடும். போன பிள்ளைக்கு ஆபத்து வந்தால் அவன் ஓடித் தட்டவேண்டிய கதவு எது என்பதுதான் நம் கேள்வி. துணைத் தூதரகம் என்பது துரைமார்கள் தேநீர் அருந்துகிற மாளிகை என்று எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவனுக்கு, கூலி கிடைக்காதவனுக்கு, சிறையில் அடைக்கப்பட்டவனுக்கு அது ஒரு கதவு. அவன் பிணமாகிவிட்டால் பெட்டியை ஊருக்கு அனுப்புகிற கையும் அதுதான். அந்தக் கதவு எட்டுகிற தொலைவில் இருக்கிறதா என்பதே உயிர்ப் பிரச்சினை.

2014-ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று, ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். என்ற கொடியவர் கூட்டத்தின் பிடியில் விழுந்தது. அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டனர். ஒருவர் தப்பினார். மற்ற 39 பேர்? பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள், பீகாரைச் சேர்ந்தவர்கள், வங்கத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோரும் கூலிக்காகக் கடல் கடந்தவர்கள். உயிருடன் இருக்கிறார்களா, இல்லையா? தாய்மார்கள் கேட்டனர், மனைவிமார்கள் கேட்டனர். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, நான்கு ஆண்டுகள் கேட்டனர்! 2018 மார்ச் 20 அன்றுதான் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்த 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டனர் என்று அறிவித்தார். மோசுலுக்கு அருகில் பாதூஷ் என்னும் ஊரில், ஒரே குழியிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகளை மரபணுச் சோதனை செய்து அடையாளம் கண்டனர்.

அதே 2014-ல் திக்ரித் நகரத்து மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் கேரளத்துப் பெண்கள். அந்த ஒருவர்? நமக்கு அடுத்த மாவட்டமான தூத்துக்குடியைச் சேர்ந்தவர்! இனியும் கேட்பார்களா, ஈராக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று? அந்தச் செவிலியர் மோசுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜூலை 4 அன்று விடுவிக்கப்பட்டு, மறுநாள் கொச்சி வந்து இறங்கினர். நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அவர்களை ஏற்றிக்கொண்டு விமானம் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? பாக்தாதிலிருந்து அல்ல. எர்பிலிலிருந்து!

மோசுலுக்கும் எர்பிலுக்கும் இடையே உள்ள தொலைவு எண்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போய்வருகிறவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கொலைக்களம். மறு பக்கம், பேருந்துப் பயணத் தொலைவில், பாதுகாப்பான நகரம். உயிர் பிழைக்க ஓடிவந்தவர் எல்லோருக்கும் எர்பில் அடைக்கலம் தந்தது. ஆனால் அந்த எர்பிலில் அன்று இந்தியாவின் துணைத் தூதரகம் இல்லை. தூதரகம் பாக்தாதில் இருந்தது, ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பால். இடையிலே போர் நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு கொடுமையையும் சொல்லவேண்டும். குர்து வட்டார அரசு தன் எல்லைக்குள் வருவோருக்குத் தானே விசா வழங்கியது. அந்த விசாவை வைத்துக்கொண்டு பாக்தாதுக்குள் காலடி வைக்க முடியாது. ஆகவே, எர்பிலில் வேலை செய்த இந்தியத் தொழிலாளி ஒருவன் தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போகவேண்டுமானால், சட்டத்தை மீறித்தான் போகவேண்டும்! பெயருக்குத் தூதரகம் இருந்தது, பயனுக்கு இல்லை. பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் புத்தாடை போல!

2016-ஆம் ஆண்டு எர்பிலில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. நல்ல செயல். செய்தவர் யாராயினும், எந்தக் கட்சியினராயினும், பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. துருக்கி அங்கே 2010-லேயே துணைத் தூதரகம் திறந்தது. அமெரிக்கா 2011-ல் திறந்தது. சீனா 2014 டிசம்பரில் திறந்தது. நம் நாடு திறந்தது 2016-ல். குழியில் 39 பேர் விழுந்த பிறகு! குருதி சிந்திய பின்னர்தான் கொடி ஏறவேண்டுமா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

யார் ஆட்சியில் இருந்தார்கள் அப்போது என்று விரல் நீட்டுவது எளிது. 2014 மே மாத இறுதியில்தான் புதிய ஆட்சி வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் பெரும்பகுதி நம் இயக்கமும் தோள் கொடுத்த ஆட்சிதான் டில்லியில் நடந்தது. எனவே, எர்பிலில் ஏன் 2010-லேயே கொடி ஏறவில்லை என்று கேட்டால், அந்தக் கேள்வி நம் வாசலிலும் வந்து நிற்கும். நிற்கட்டும். குற்றம் ஒரு கட்சியுடையது என்றால் தேர்தலோடு தீர்ந்துவிடும். குற்றம் முறையிலேயே இருப்பதால்தான் எழுதுகிறோம்.

அந்த முறை எப்படிப்பட்டது என்பதைச் சிவகாசிக்காரனுக்கு விளக்குவது எளிது. வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் நாகபுரியில் இருக்கிறது. ஆனால் அந்தத் துறையின் அலுவலகம் ஒன்று சிவகாசியிலும் இருக்கிறது. ஏன்? நாகபுரி போதாதா? போதாது! மருந்து கலக்கப்படுவது இங்கே, நெருப்புப் பிடிப்பது இங்கே, உயிர் போவது இங்கே. ஆகவே அதிகாரியும் இங்கே இருக்கவேண்டும். இந்த எளிய நியாயம்தான் எர்பிலுக்கும். தலைமைத் தூதரகம் பாக்தாதில் இருக்கட்டும். தொழிலாளி எங்கே இருக்கிறானோ அங்கே ஒரு கிளை இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் சிவகாசிக்காரன் அறிவான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. நாற்பது பேரளவில் மாண்டனர். காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர்களும் அவர்களில் அடக்கம். அதன் பிறகு வந்தார்கள்! அமைச்சர் வந்தார், ஆய்வாளர் வந்தார், குழு வந்தது, அறிக்கை வந்தது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது புதிய விதியா? இல்லை. ஏட்டிலே பழைய விதி. நாட்டிலே அதைப் பார்க்கவேண்டிய கண் உரிய நேரத்தில் இல்லை. பிணத்தை எண்ண வருகிற அதிகாரியைவிட, ஆளை எண்ண வருகிற அதிகாரிதான் நமக்கு வேண்டும். பட்டாசு ஆலைக்கும் அதுதான், பாலைவனத்துக்கும் அதுதான். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வெள்ளம் வடிந்த பிறகு அணைக்கு அடிக்கல் நாட்டுகிறவர்களை எப்படி மெச்சுவது?

"குர்து மக்களின் வட்டாரத்தில் தூதரகம் திறப்பது அவர்களின் தனிநாட்டுக் கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாகாதா?" என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். இதற்கும் விடை சொல்வோம்.

குர்து மக்கள் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள். தனி மொழியும் தனிப் பண்பாடும் உடையவர்கள். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு நாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920-ல் செவ்ரே உடன்படிக்கை அவர்களுக்குத் தன்னாட்சி தருவதாக ஆசை காட்டியது. 1923-ல் லோசான் உடன்படிக்கை அந்த ஆசையை அழித்துவிட்டது. பெரிய நாடுகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோடு கிழித்தன. கோட்டுக்குக் கீழே கிடந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா ஊரின்மீது சதாம் உசேனின் படை நச்சுப் புகைக் குண்டுகளை வீசியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர், பெண்களும் பிள்ளைகளுமாக, மூச்சுத் திணறி மாண்டனர். அந்தத் துயரங்களை எல்லாம் தாண்டி, 1992-ல் தங்கள் வட்டாரத்துக்குத் தேர்தல் நடத்தினர். 2005-ஆம் ஆண்டு ஈராக் அரசியல் சட்டம் அவர்களது வட்டாரத்தைக் கூட்டாட்சியின் ஓர் அங்கமாக ஏற்றது. அரபு மொழியோடு குர்து மொழியும் ஈராக்கின் ஆட்சிமொழி என்று அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு சாற்றுகிறது.

ஆகவே எர்பில் ஒரு கூட்டாட்சி நாட்டின் மாநிலத் தலைநகர். சென்னை எப்படியோ, எர்பில் அப்படி. சென்னையில் அமெரிக்காவும் பிரிட்டனும் சப்பானும் செருமனியும் துணைத் தூதரகம் வைத்திருக்கின்றன. அதனால் தமிழ்நாடு தனிநாடாகிவிட்டது என்று யாராவது அலறுகிறார்களா? துணைத் தூதரகத்தைப் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது: அந்த நாட்டு அரசின் இசைவு இன்றி அங்கே துணைத் தூதரகம் திறக்க முடியாது. எர்பிலில் கொடி ஏற்றுகிற ஒவ்வொரு நாடும் பாக்தாதின் இசைவோடுதான் ஏற்றுகிறது. தன் எல்லைக்குள் குர்து மக்களின் உரிமைக் குரலை அடக்குவதற்குப் படையையே ஏவிய துருக்கி, எர்பிலில் துணைத் தூதரகம் வைத்திருக்கிறது. ஈரானும் வைத்திருக்கிறது. அவர்களுக்கு வராத அச்சம் டில்லிக்கு ஏன் வரவேண்டும்?

2017 செப்டம்பர் 25 அன்று குர்து வட்டாரத்தில் விடுதலை குறித்து வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தனர். பாக்தாது சினந்தது. எர்பிலுக்கும் சுலைமானியாவுக்கும் வந்துபோன பன்னாட்டு விமானங்கள் அந்த மாத இறுதியிலேயே நிறுத்தப்பட்டன. 2018 மார்ச்சில்தான் மீண்டும் பறந்தன. வாக்கெடுப்பு சரியா, தவறா என்பது அந்த நாட்டு மக்கள் தீர்க்கவேண்டியது. ஆனால் விமானம் நின்றுபோன அந்த மாதங்களில், ஊருக்குத் திரும்பத் துடித்த இந்தியத் தொழிலாளிக்கு அதே ஊரில் தன் நாட்டின் அலுவலகம் ஒன்று இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னால் இல்லாத கதவு அது. அரசியல் கொந்தளிப்பு என்பது தூதரகத்தை மூடுவதற்குக் காரணமல்ல. திறந்து வைப்பதற்கே காரணம்.

தன் மண்ணுக்குத் தன் பெயர், தன் மக்களுக்குத் தன் மொழி என்று கேட்பது எத்தகைய வேட்கை என்பதை விருதுநகருக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. தமிழ்நாடு என்று பெயர் சூட்டுங்கள் என்று கேட்டு இதே விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அன்று முதலமைச்சராக இருந்தவரும் இதே விருதுநகரின் மைந்தர்தான்! பேரறிஞர் அண்ணா ஆட்சியில், 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் அந்தப் பெயருக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா உடைந்தா போயிற்று? பெயரைத் தந்ததால் பற்று வளர்ந்தது. மாநிலத்துக்கு மதிப்புத் தருவது நாட்டைப் பிளப்பதாகாது என்ற பாடத்தை நாம் பட்டறிந்து வைத்திருக்கிறோம். எர்பிலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

தலைநகருக்கு வெளியே தூதரகக் கிளை அமைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் தலைநகர் கொழும்பில் இந்தியத் தூதரகம் இருக்கக் கண்டியில் எதற்கு ஓர் உதவித் தூதரகம்? மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்காக! அவர்களின் முன்னோர் யார்? திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழைகள். இன்றைய விருதுநகர் மாவட்டமே 1985-ல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்ததுதானே? 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பு என்று கணக்குப் போட்டது. அவர்களைக் கலந்து பேசாமல் போட்ட கணக்கு! அந்த அநீதியை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த அநீதிக்கு நடுவிலும், விண்ணப்பத்தைக் கையில் ஏந்திய தோட்டத் தொழிலாளி கொழும்புவரை போய் அலையாமல், பக்கத்துக் கண்டியில் ஒரு கதவைத் தட்ட முடிந்தது.

யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். 2010 நவம்பரில் அங்கே இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். போர் நடந்த ஆண்டுகளில் அந்த மக்கள் எவ்வளவோ கதறினர், கதவு இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கதவு வந்தது. வந்தபின் அதனால் நன்மை விளைந்தது என்பதையும் மறைக்கமாட்டோம். இந்திய உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் எழுந்தன. இந்தியா கட்டித் தந்த பண்பாட்டு மையம் யாழ் நகரில் இன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடலுக்கு இப்பால், நம் மாவட்டத்தில் உள்ள மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத்தமிழ் உடன்பிறப்புகளுக்குக் கடலுக்கு அப்பால் உள்ள அந்த அலுவலகம் எவ்வளவு வேண்டியது என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். எர்பிலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் வலுவுடையன என்றால், யாழ்ப்பாணத்திலும் திறந்திருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் திறந்தது சரி என்றால், எர்பிலில் திறந்ததும் சரிதான். இரண்டிலும் நேர்ந்த ஒரே பிழை, காலந்தாழ்த்தியதுதான்.

"செலவு ஆகுமே!" என்பார்கள். ஆகும். ஒரு கட்டடம், சில அலுவலர்கள், ஒரு வண்டி. வளைகுடாவிலும் மேற்காசியாவிலும் வெயிலில் வெந்து நம் மக்கள் அனுப்புகிற பணம் இந்த நாட்டின் அன்னியச் செலாவணிக் கருவூலத்தை நிரப்புகிறது. அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள இருகரம் நீட்டுகிறவர்கள், அனுப்புகிறவனைக் காக்க ஒரு கரம் நீட்டக்கூடாதா?

"ஆபத்தான இடமாயிற்றே!" என்பார்கள். உண்மை. 2022 மார்ச்சிலும் 2024 ஜனவரியிலும் எர்பில்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. ஆனால் ஆபத்து அதிகாரிக்கு மட்டுமா? சாரத்தில் ஏறி நிற்கிற கொத்தனுக்கும், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிற செவிலிக்கும் இல்லையா? ஆபத்து இல்லாத இடத்தில் மட்டும்தான் அலுவலகம் திறப்போம் என்றால், சிவகாசியில் தீயணைப்பு நிலையம் எதற்கு? தீப்பிடிக்காத ஊராகப் பார்த்துத் திறக்கலாமே!

வாணிபத்தைப் பற்றியும் ஒரு சொல். உயிர் முதலாவது; வாணிபம் அடுத்தது. ஆனால் வாணிபத்தை வளர்ப்பதும் துணைத் தூதரகத்தின் கடமை என்று அதே வியன்னா உடன்படிக்கை விதிக்கிறது. மார்ச் 21 குர்து மக்களுக்குப் புத்தாண்டு, நவ்ரோசு என்பர். அதற்கு முந்திய மாலையில், ஆக்ரே என்னும் மலையூரில் ஆயிரக்கணக்கானோர் தீப்பந்தம் ஏந்தி மலைமேல் ஏறுவர். மலையே தீயால் ஒளிரும். தீயைக் கொண்டாடுகிற மக்கள் அவர்கள். தீயால் வாழ்கிற மக்கள் நாம்! பட்டாசைக் கப்பலேற்றுவது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். ஆபத்தான சரக்கு என்று கப்பல் நிறுவனங்கள் முகம் சுளிக்கின்றன. உலகச் சந்தையைச் சீனா வளைத்து வைத்திருக்கிறது. ஆனால் அச்சுத் தாளில் ஆபத்து இல்லையே! எந்த எழுத்தானாலும் அச்சேற்றுகிற சிவகாசி, குர்து எழுத்தில் நாட்காட்டி அடித்துத் தர முடியாதா? நோட்டுப் புத்தகம் அனுப்ப முடியாதா? விருதுநகர்ச் சந்தையின் மிளகாயும் மல்லியும் அந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போகமுடியாதா? அங்கே யார் வாங்குகிறார்கள், சுங்கம் எவ்வளவு, பணம் எப்படி வந்து சேரும் என்று கேட்டால் விடை சொல்ல ஓர் அலுவலர் வேண்டும். அதற்கும் அந்தக் கதவுதான்.

வெளியுறவு என்பது மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளை மாநிலத்தின் பிள்ளை. 1996-லேயே கேரளம் தன் மக்களுக்கென்று தனித் துறை கண்டது. 2014-ல் செவிலியர் சிக்கியபோது கேரள முதலமைச்சர் டில்லிக்கே போய் நின்று குரல் கொடுத்தார். தமிழ்நாடும் வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென்று 2011-ல் சட்டம் இயற்றியது. 2014 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகமும் மாநிலங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. ஏடுகள் இருக்கின்றன, பிரிவுகள் இருக்கின்றன. இவற்றை இணைக்கிற எண்ணம்தான் வேண்டும்.

ஆகவே நாம் வலியுறுத்துவன மூன்று.

முதலாவதாக, எந்த நாட்டில், எந்த வட்டாரத்தில் எத்தனை தொழிலாளர் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் மாநில அரசுகளைக் கேட்டுக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைக் கொண்டு துணைத் தூதரகம் திறக்கும் முறை வரவேண்டும். பிரதமர் எந்த நாட்டுக்குப் போகிறார் என்பதைப் பார்த்துத் திறப்பது அல்ல. கொத்தன் எங்கே போகிறான் என்பதைப் பார்த்துத் திறப்பது!

இரண்டாவதாக, எர்பில் துணைத் தூதரகத்தில் தொழிலாளர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் இருக்கவேண்டும். தமிழும் மலையாளமும் பஞ்சாபியும் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் அங்கே இருக்கவேண்டும். நடுநிசியில் தொலைபேசியில் அழுகிறவனிடம் இந்தியில் பேசு என்று சொல்லும் கொடுமை கூடாது. எர்பிலிலேயே அமர்ந்திராமல், சுலைமானியாவுக்கும் தோகுக்குக்கும் மாதந்தோறும் போய் முகாம் நடத்தவேண்டும்.

மூன்றாவதாக, கடல் கடக்கிற ஒவ்வொருவருக்கும், விமானம் ஏறுமுன், அவர் போகிற ஊருக்கு அருகில் உள்ள இந்திய அலுவலகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும். நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே அதைத் தொடங்கலாம். அச்சடிப்பதற்குச் சிவகாசி இருக்கிறது!

திருத்தங்கலில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஈராக்கில் வேலை பார்க்கிறான். பத்து நாட்களாகப் பேச்சில்லை. வானொலியில், தொலைக்காட்சியில் போர் என்கிறார்கள். அவள் பாக்தாதைக் கண்டாளா, வியன்னா உடன்படிக்கையைக் கண்டாளா? "என் பிள்ளை இருக்கிற ஊரில் நம் ஆள் யாராவது இருக்கிறார்களா?" என்றுதான் கேட்பாள். இருக்கிறார்கள் என்ற ஒரு சொல்லை அவளுக்குச் சொல்வதற்காகத்தான் தூதரகம். அந்தச் சொல்லை நான்கு ஆண்டுகள் எதிர்பார்த்துக் காத்திருந்து, முடிவில் எலும்புப் பெட்டியைப் பெற்றுக்கொண்ட பஞ்சாபுத் தாயின் கதி, கரிசல் காட்டுத் தாய்க்கு வரக்கூடாது; எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

எர்பிலில் கொடி பறக்கிறது, மகிழ்ச்சி. அடுத்த எர்பில் எது என்று டில்லி இன்றே தேடட்டும். அங்கே கொடி முதலில் போகட்டும்.